வாய் திறவாக் குழந்தையும் வகுப்பாசிரியரும்



"புத்தகத்தை மூடிவிட்டு, பலகையை எடுத்துக்கொண்டு, வரிசையில் வந்து நில்லுங்கள்" என்கிறார் ஆசிரியர். ஒரு சிறுவன் வரிசையில் வந்து நிற்கிறான். ஆனால் அவன் புத்தகம் திறந்தே கிடக்கிறது. கையில் பலகையும் இல்லை. அவனை மந்தன் என்பர் சிலர். அடங்காதவன் என்பர் வேறு சிலர். இரண்டுமே பிழையாக இருக்கலாம். அடுக்கிச் சொன்ன மூன்று ஏவல்களையும் ஒருங்கே மனத்தில் நிறுத்த அவனால் இயலாமற் போயிருக்கலாம்.

கால் ஊனம் கண்ணுக்குப் புலனாகும்; மொழியில் உள்ள குறைக்கோ புற அடையாளம் இல்லை. இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில், பள்ளியில் புதிதாகச் சேர்ந்த குழந்தைகளை ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் அறிஞர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். வேறு நோய்க் காரணம் ஏதுமின்றியே நூற்றுக்கு ஏழு குழந்தைகளுக்கு மேல் மொழிக் குறைபாடு உடையவர்கள் என்பதே அது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ இருவர்! அவர்களைக் கண்டுகொள்ளாது விட்டால், பேச்சில் தோன்றிய தடை படிப்பிலும் நட்பிலும் பின்னர்ப் பிழைப்பிலும் தொடரக்கூடும்.

இவர்களுக்குத் துணைபுரிய வல்லவர் யார்? ஆறாம் ஜார்ஜ் மன்னரின் திக்குவாய்க்குப் பயிற்சி அளித்த லயனல் லோக் ஆஸ்திரேலிய நாட்டவர். மருத்துவப் பட்டம் பெறாதவர். பேச்சுக் கலை கற்பித்த ஆசிரியர். பின்னர் இத்துறை தனிக் கல்வியாக வளர்ந்தது. 1945-இல் பிரிட்டனில் பேச்சுப் பயிற்சி வல்லுநர்களுக்கெனக் கல்லூரி என்னும் பெயரில் ஓர் அமைப்பும் தோன்றியது. எனினும் வல்லுநர் குழந்தையோடு இருப்பது சிறிது நேரமே. ஆசிரியரோ பள்ளி நாள் முழுதும் உடனிருப்பவர். ஆகவே ஆசிரியரையும் பயிற்றுவித்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஜான் பெர்கோ 2008-இல் அரசுக்கு அளித்த அறிக்கை, குறையை இளமையிலேயே கண்டறிந்து உதவவேண்டும் என வற்புறுத்தியது.

அவ்வழியில் எழுந்த முயற்சிகளுள் ஒன்று நஃபீல்டு மொழிப் பயிற்சித் திட்டம். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு உரிய இத்திட்டத்தில், பள்ளியின் துணையாசிரியர்களே பயிற்சி பெற்று நடத்துகின்றனர். இருபது வாரங்கள், சிறு குழுவாகவும் தனித்தனியாகவும் குழந்தைகளுக்குச் சொல்வளமும் கதை கூறும் திறனும் கேட்டுணரும் ஆற்றலும் ஊட்டப்படுகின்றன. 193 பள்ளிகளில் சோதித்தபோது, பயிற்சி பெற்ற குழந்தைகள் மொழித்திறனில் மற்றவர்களைவிட மூன்று மாத அளவு முன்னேறியிருந்தனர். 2020 முதல் அரசின் பொருளுதவியோடு இது பல பள்ளிகளுக்கும் பரவியது.

இத்தகைய பயிற்சிகளில் ஆசிரியர் கற்பது என்ன? முதலாவது, காத்திருத்தல். வினாவை எழுப்பியபின் சில நொடிகள் பொறுத்தால், வாராத விடையும் வரும். இரண்டாவது, திருத்தும் முறை. "நேற்று நாய் ஓடும்" என்று குழந்தை சொன்னால், "தவறு" என்று அதட்டாது, "ஆமாம், நேற்று நாய் ஓடியது" என்று பிழையற்ற வடிவத்தைச் செவியில் ஏற்றுதல். மூன்றாவது, நீண்ட ஏவலைச் சிறு சிறு தொடர்களாகப் பகுத்து, படத்தாலும் சைகையாலும் விளக்குதல்.

வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் மற்றொன்றும் பேசும் பிள்ளைகள் இலண்டனில் மிகப் பலர். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களுள் உளர். இருமொழி பயில்வதால் இக்குறை உண்டாவதில்லை. ஆங்கிலம் புதிது என்பதால் தயங்கும் குழந்தை வேறு. தாய்மொழியிலும் தடுமாறும் குழந்தை வேறு. இதனை அறிய வீட்டு மொழியையும் விசாரித்தல் வேண்டும். தாய்மொழியைக் கைவிடுமாறு பெற்றோருக்குக் கூறுவது மருந்தாகாது.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை ஆசிரியராவீர்கள். அதுவரையிலும் உங்களுக்குப் பணி உண்டு. உடன் பயிலும் ஒருவர் திக்கினால் நகையாதீர்கள். அவர் சொல்ல வந்ததை நீங்களே சொல்லி முடிக்காதீர்கள். அவர் முகம் நோக்கிப் பொறுமையோடு கேளுங்கள். பேசக் கற்பிப்பதற்கு முன், கேட்கக் கற்றிருத்தல் வேண்டும் அன்றோ?