பட்டயம் வருமுன்னே பசுவுக்கு வைத்தியம்
(ஆண்டுவிழாவில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



ஞாயிறு பள்ளியில் "வளர்ந்து என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று நாங்கள் கேட்டபோது, மூன்று பிள்ளைகள் "வெட்" என்றார்கள். அதாவது கால்நடை மருத்துவர். அதைக் கேட்ட ஒரு தாயார், "நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஒரு பெண்மணியின் கதையைச் சொல்லப் போகிறேன். அவரும் முதலில் என்னைப் போல நர்ஸ் ஆகப் போனவர்தான்.

அவர் பெயர் அலீன் கஸ்ட். 1868-ல் அயர்லாந்தில், திப்பரரியில், பெரிய இடத்துக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்து, சீக்கிரமே அதை விட்டுவிட்டு, கால்நடை மருத்துவம்தான் தன் வேலை என்று முடிவு செய்தார். வீட்டாருக்கு அது பெரிய அவமானம். 1894-ல் எடின்பரோவில் நியூ வெட்டரினரி காலேஜில் சேர்ந்தபோது, குடும்பத்துக்குச் சங்கடம் வரக்கூடாதென்று 'ஏ. ஐ. கஸ்டன்ஸ்' என்ற பெயரில் சேர்ந்தார்.

வகுப்பில் பதக்கம் வாங்கினார். ஆனால் பட்டயம் கொடுக்கும் உரிமை கல்லூரியிடம் இல்லை. அது லண்டனில் இருந்த ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் என்ற அமைப்பின் கையில் இருந்தது. 1897-ல் அவர்கள், பெண் என்ற ஒரே காரணத்தால் அவரைத் தேர்வுக்கு விடவில்லை. எடின்பரோவில் வழக்குப் போட்டார். 'இந்த வழக்கு எங்கள் எல்லைக்குள் வராது' என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. 1900-ல் படிப்பு முடிந்தபோது அவர் கையில் இருந்தது கல்லூரி முதல்வர் எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதம் மட்டுமே.

பிள்ளைகளே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அவர் அயர்லாந்துக்குத் திரும்பி, ராஸ்காமன் பகுதியில் வில்லியம் பைர்ன் என்ற கால்நடை மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மாடும் குதிரையும்தான் அந்த ஊரின் சொத்து. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு பசு தவிக்கும்போது, வருகிறவர் ஆணா பெண்ணா என்று எந்த விவசாயி பார்ப்பார்? பசு பிழைத்தால் போதும். 1905-ல் பக்கத்திலுள்ள கால்வே கவுன்சில் அவரைக் கால்நடை ஆய்வாளராகத் தேர்ந்தெடுத்தது. லண்டன் அமைப்பு எதிர்த்தது. அரசுத் துறையும் ஒப்புக்கொள்ளவில்லை. கவுன்சில் மறுபடி விளம்பரம் செய்து, மறுபடியும் அவரையே எடுத்தது! கடைசியில் பதவியின் பெயரிலிருந்து 'கால்நடை மருத்துவம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'ஆய்வாளர்' என்று வேலையைக் கொடுத்தார்கள். 1910-ல் பைர்ன் இறந்தபின், அந்தத் தொழிலை அலீனே தனியாக எடுத்து நடத்தினார். 1915-ல் முதல் உலகப் போரின் நடுவே பிரான்சுக்குப் போய், காயப்பட்ட குதிரைகளுக்குச் செய்யும் சிகிச்சையில் உதவினார்.

1919 டிசம்பரில், பெண் என்பதற்காக யாரையும் தொழிலிலிருந்து தள்ளி வைக்கக்கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. நர்ஸ்களைப் பதிவு செய்யும் சட்டமும் அதே மாதத்தில்தான் வந்தது. அலீன் மறுபடியும் விண்ணப்பித்தார். 1922 டிசம்பர் 21 அன்று பட்டயம் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 54. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பதிவு பெற்ற முதல் பெண் கால்நடை மருத்துவர் அவர். 1937-ல் இறந்தபோது, தன்னை மறுத்த அதே அமைப்புக்கு ஆராய்ச்சி உதவித்தொகைக்காகப் பணம் எழுதி வைத்திருந்தார்.

இந்தக் கதை என் மனதைத் தொடக் காரணம் இருக்கிறது. நானும் வேறொரு நாட்டில் நர்சிங் படித்து, சான்றிதழோடு இங்கிலாந்துக்கு வந்தவள். பதிவு எண் வரும்வரை ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை செய்தேன். குளிப்பாட்டினேன், உணவூட்டினேன், படுக்கை மாற்றினேன். கண்ணெதிரே தெரிந்த வைத்தியத்தை என் கையால் செய்ய அனுமதி இல்லை. ஆனால் வாய் பேச முடியாத ஒரு முதியவரின் முகத்தைப் பார்த்தே வலியை அறிவதை அங்கேதான் நன்றாகக் கற்றேன். கால்நடை மருத்துவரின் வேலையும் அதுதானே? அவருடைய நோயாளி ஒருவரும் 'எனக்கு இங்கே வலிக்கிறது' என்று சொல்லப் போவதில்லை.

இன்றைய பாதையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே கால்நடை மருத்துவப் படிப்பு பெரும்பாலும் 5 ஆண்டுகள். விடுமுறையில்கூடப் பண்ணைகளிலும் மருத்துவமனைகளிலும் பயிற்சி உண்டு. முடித்தபின் ராயல் காலேஜில் பதிவு. இதயம், கண், எலும்பு என்று ஒன்றில் நிபுணராக வேண்டுமானால் அதன்பின் ஓராண்டுப் பயிற்சி, பிறகு சுமார் மூன்று ஆண்டு மேற்பயிற்சி, கடினமான தேர்வு. வெளிநாட்டில் படித்து வருகிறவர்களில் பட்டம் ஏற்கப்படாதவர்களுக்குத் தனித் தேர்வு இருக்கிறது. சொந்தமாகத் தொடங்க நினைத்தால் கட்டடம், எக்ஸ்ரே இயந்திரம், மருந்து, கடன், கணக்கு எல்லாம் தோளில் ஏறும். நள்ளிரவில் ஒரு நாய் அடிபட்டாலும் முதலுதவிக்கு ஏற்பாடு இருக்க வேண்டும், அது விதி. 'நாய்க்கு ஊசி போடுவது' எவ்வளவு பெரிய படிப்பு என்று இப்போது தெரிகிறதல்லவா? இன்று இந்த நாட்டின் கால்நடை மருத்துவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

நம் சபையில் இன்னும் பதிவுக்காகக் காத்திருக்கிற அக்காமாரும் அண்ணன்மாரும் இருக்கிறீர்கள். கணக்காளர் கடையில் நிற்கிறார், ஆசிரியை பொட்டலம் கட்டுகிறார். உங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். அலீன் காலத்துச் சட்டம் பட்டத்தின் பெயரை மட்டுமே காத்தது. பட்டயம் இல்லாமலும் வைத்தியம் பார்க்க முடிந்தது. இன்று அப்படிச் செய்தால் குற்றம். ஆகவே சட்டம் அனுமதிக்கும் அளவில், உங்கள் தொழிலுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நில்லுங்கள். கை மறந்துபோக விடாதீர்கள். அதே நேரத்தில் விண்ணப்பத்தையும் விடாதீர்கள். 'வேலைதான் கிடைத்துவிட்டதே, தாள் எதற்கு?' என்று அலீன் இருந்துவிடவில்லை. தாள் வரட்டும் என்று சும்மாவும் இருக்கவில்லை. இரண்டையும் செய்தார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு வேலையின் பெயரைச் சொன்னால், முதலில் அந்த வேலை என்னவென்று விசாரியுங்கள். முடிந்தால் ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள். தொழுவத்து நாற்றம் தாங்குகிறதா, ரத்தம் தாங்குகிறதா என்று பிள்ளையே தெரிந்துகொள்ளட்டும். தாங்கினால், வழி மறிக்காதீர்கள். வெளியே மறிக்க ஆட்கள் வேண்டியமட்டும் இருக்கிறார்கள்.

 கடவுள் நம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக.