விவிலியத்தில் மன்றாட்டும் மறுமொழியும்



உண்மையான உள்ளத்தோடு வேண்டினால் இறைவன் செவிசாய்ப்பான் என்பது பல சமயத்தாரும் கூறும் மொழி. வேண்டியது கிட்டாதவனை நோக்கி, 'உன் வேண்டுதலில் உண்மை இல்லை' என்று கூறுவதற்கும் அம்மொழியே கருவியாகிவிடுகிறது. விவிலியம் அத்தகைய தீர்ப்புக்கு இடம் தருகிறதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சாமுவேல் முதல் நூலின் தொடக்கத்தில் அன்னாள் வருகிறாள். மகப்பேறு இல்லாத அவள் சீலோவில் ஆண்டவர் திருமுன் அழுது வேண்டுகிறாள். உதடு அசைகிறது, ஒலி எழவில்லை. குரு ஏலியோ அவள் குடித்திருப்பதாக எண்ணிக் கடிந்துகொள்கிறார். வேண்டுதலைக் கேட்டே பழகியவருக்கு உண்மையான வேண்டுதலின் அடையாளம் தெரியவில்லை! அவள் விளக்கம் கேட்டு அவர் வாழ்த்தியனுப்புகிறார்; அவள் சென்று உண்கிறாள்; முகவாட்டம் நீங்குகிறது. கருவுறுவதோ அதற்குப் பின்னரே. பெற்ற பிள்ளையையும் பால்குடி மறந்ததும் திருக்கோயிலுக்கே கொடுத்துவிடுகிறாள்.

சேசு சபைக் குருக்கள் ஆவூரில் தங்கிப் பணிசெய்த காலந்தொட்டு இக்கதைகள் புதுக்கோட்டைச் சீமைக்கு அயலானவை அல்ல. கண்மாய் நிறைவதையே நம்பி வாழ்வோர்க்கு எலியாவின் கதை இன்னும் நெருக்கமானது. கர்மேல் மலையில் அவர் வேண்டியவுடன் நெருப்பு இறங்கியது. அதே நாளில் மழைக்காக முழங்கால்களுக்கிடையே முகம் புதைத்துக் குனிந்திருந்தார். கடற்பக்கம் பார்த்துவரச் சென்ற பணியாள் ஒன்றுமில்லை என்றே திரும்பினான். ஏழாம் முறைதான் உள்ளங்கையளவு மேகம் எழுந்தது. ஒரே உள்ளத்தின் இரு வேண்டுதல்கள்; ஒன்றுக்கு உடனே விடை, மற்றொன்றுக்குக் காத்திருப்பு.

மறுக்கப்பட்ட வேண்டுதல்களும் உண்டு. நோயுற்ற குழந்தைக்காகத் தாவீது உண்ணாமல் தரையில் கிடந்தார். ஏழாம் நாள் குழந்தை இறந்தது. தம் உடலில் தைத்த முள் நீங்கப் பவுல் மும்முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, தாங்கும் அருள் கிட்டியது. கெத்சமனியில் இயேசுவின் முன்னிருந்த துன்பக் கிண்ணமும் அகலவில்லை. இவர்களுடைய உள்ளத்தில் உண்மை இல்லை என்று எவரே சொல்லத் துணிவர்?

யோபுவிடம் அவருடைய நண்பர்கள் அப்படித்தான் சொன்னார்கள். துன்பம் வந்ததெனில் குற்றம் இருந்தே தீரவேண்டும் என்பது அவர்கள் வாதம். நூலின் முடிவில் ஆண்டவரின் சினம் அந்த நண்பர்கள்மீதே மூள்கிறது. இறைவனோடு வழக்காடிய யோபுவோ சரியாகப் பேசியவர் எனப்படுகிறார். அந்நண்பர்களுக்காக யோபு வேண்ட வேண்டும் என்பதும் கட்டளை. அவ்வேண்டுதல் ஏற்கப்படுகிறது.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று. அணிநயம் உண்மைக்குப் பகை என்று விவிலியம் கொள்ளவில்லை. எருசலேம் வீழ்ந்த துயரைப் பாடும் புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்கள் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாக முதலெழுத்தாகக் கொண்டவை. நம் வருக்கக்கோவையை ஒத்த யாப்பு. கதறலும் கட்டுக்கோப்போடு வரக்கூடும்.

திருப்பாடல்களில் 88ஆம் பாடல் இரவும் பகலும் இறைவனை அழைக்கிறது. விடை வந்ததாக ஓர் அடியும் இல்லை; இருளைச் சொல்லியே முடிகிறது. தொகுத்தோர் அதை நீக்கவில்லை, ஆறுதல் அடி ஒன்றைச் சேர்க்கவும் இல்லை. வழிபாட்டில் பாடும் பாடல்களுள் ஒன்றாகவே அதை வைத்துப் போயினர்.