தீர்ப்பு தாளில் இருக்கு, நெல் களத்தில் கிடக்கு!
(தஞ்சை வட்டாரக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



"கோர்ட்டு, கேஸு எல்லாம் நமக்கெதுக்குங்க"ன்னு பலபேர் ஒதுங்கிப் போறீங்க. நாம் ஒதுங்கினாலும் அது நம்மை விடுவதில்லை. நம்ம கடன், நம்ம நெல், போராடுகிறவன் மேல் போடும் வழக்கு, மூன்றும் உயர்நீதிமன்றம் வரை போய் வந்திருக்கின்றன. அங்கே என்ன சொன்னார்கள் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் கடன். 2016-ல் சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடனை அரசு தள்ளுபடி செய்தது. ஐந்து ஏக்கருக்கு மேல் ஒரு குழி இருந்தாலும் இல்லை என்றார்கள். வாய்க்கால் காய்ந்தால் ரெண்டு ஏக்கர்காரன் பயிரும் கருகும், ஆறு ஏக்கர்காரன் பயிரும் கருகும். 2017 ஏப்ரல் 4-ல் மதுரைக் கிளை, எல்லா விவசாயிக்கும் தள்ளுபடி செய் என்று தீர்ப்பளித்தது. அரசு டெல்லிக்குப் போய் ஜூலையில் தடை வாங்கியது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 2021 பிப்ரவரியில், 16.43 லட்சம் பேரின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனை அரசே தள்ளுபடி செய்தது. கோர்ட்டில் நிற்காதது எப்படிக் கிடைத்தது? தேர்தல் வந்தது, விவசாயியும் தெருவில் நின்றான். அவ்வளவுதான்!

இரண்டாவது கொள்முதல். 40 கிலோ மூட்டைக்கு 30, 40 ரூபாய் மாமூல் வாங்குவதை 2020-ல் மதுரைக் கிளை கடுமையாகக் கண்டித்தது. லஞ்சம் வாங்குவது பிச்சை எடுப்பதற்குச் சமம் என்றே நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி சொன்னதை நிலையத்தில் நடத்திக் காட்ட வேண்டியது நாம். எத்தனை மூட்டை, என்ன தேதி, ஈரப்பதம் எவ்வளவு, யார் எவ்வளவு கேட்டார், இதைக் குறித்து வைங்க. எழுத்தில் இல்லாத புகார் கோர்ட்டில் ஏறாது.

மூன்றாவதுதான் நம்ம பிள்ளைகளைப் பிடித்த பயம். "போராட்டத்துக்குப் போனா கேஸு, அப்புறம் பாஸ்போர்ட் கிடைக்காது, சிங்கப்பூர் போக முடியாது"ங்கிறாங்க. 2018 செப்டம்பர் 20-ல் ஜீவானந்தம் வழக்கில் மதுரைக் கிளை என்ன சொன்னது தெரியுமா? அமைதியாகக் கூடிக் கோரிக்கை வைப்பது சட்டவிரோதக் கூட்டம் ஆகாது. அரசு ஊழியர் உத்தரவை மீறியதாகச் சொல்லும் 188-ஆவது பிரிவில் போலீஸ் தானாக எப்.ஐ.ஆர். போடக் கூடாது. அந்த அதிகாரிதான் மாஜிஸ்திரேட்டிடம் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தில் 223-ஆவது பிரிவு. புகார் விதி அங்கேயும் இருக்கிறது.

இதை நம்பிக் கல்லெடுத்தால், பஸ்ஸை உடைத்தால் இந்தத் தீர்ப்பு காப்பாற்றாது. அதனால்தான் மறியல் வேண்டாம், உட்கார்ந்து கேட்போம் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது.

நாம் கேட்பது:

* களத்தில் காத்துக் கிடக்கும் நெல்லை உடனே எடு!
* மூட்டைக்கு மாமூல் வாங்குவதை நிறுத்து!
* அமைதியாகப் போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறு!

வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு தாலுகா ஆபீஸ் முன்பு தர்ணா. சிட்டா அடங்கல் நகலும், குறித்து வைத்த சீட்டும் கையில் இருக்கட்டும். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!