லைனை நிறுத்தும் உரிமை: ஒரு கார் தொழிற்சாலையின் கதை

புதுசா டீம் லீட் ஆன பலருக்கும் வர்ற ஒரு கேள்வியைத்தான் இன்றைய எபிசோட்ல பேசப் போறோம். "என் டீம்ல யாருக்கும் வேலையில ஈடுபாடே இல்ல. சொன்னா செய்றாங்க, சொல்லலைன்னா சும்மா இருக்காங்க. எப்படி மோட்டிவேட் பண்றது?"

இந்தக் கேள்விக்குள்ள ஒரு முடிவு ஏற்கெனவே இருக்கு. குறை அந்த ஆட்கள்கிட்டதான்னு நாம முடிவு பண்ணிட்டோம். அது சரியான்னு பார்க்க, ஒரு கார் தொழிற்சாலையோட கதையைச் சொல்றேன்.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்னு ஒரு ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலை, அந்த கம்பெனியிலேயே மோசமான இடங்களில் ஒன்று என்று பெயர் எடுத்திருந்தது. சராசரியா அஞ்சு பேர்ல ஒருத்தர் வேலைக்கு வர மாட்டார். வேலை நேரத்துலயே குடி. மேலதிகாரி மேல இருந்த கோபத்துல வண்டியை வேணும்னே கெடுத்து அனுப்பினவங்களும் உண்டு. தொழிலாளர்கள் கொடுத்த புகார்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. 1982ல தொழிற்சாலையை மூடிட்டாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு, டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்தாங்க. பேரு நம்மி. நிர்வாகம் டொயோட்டா கையில். ஆட்கள்? ஆரம்பத்துல எடுத்தவங்கள்ல ஏறக்குறைய 85 சதவீதம் பேர் அந்தப் பழைய தொழிலாளர்கள்தான். அதே யூனியனும்தான். ஆனா சொல்லாம கொள்ளாம லீவ் போடுறது 20 சதவீதத்திலிருந்து 2, 3 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைகளிலேயே தரமான வண்டிகள் வர்ற இடங்கள்ல ஒண்ணா அது மாறிடுச்சு.

ஆட்கள் மாறல. அப்ப என்ன மாறிச்சு?

முதல் விஷயம், ஒரு கயிறு. பழைய காலத்துல அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: லைன் நிற்கக் கூடாது. கண் முன்னாடி தப்பான பாகத்தோட வண்டி போனாலும் அனுப்பிடணும். கடைசியில சரி பண்ணிக்கலாம். நம்மியில ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் ஒரு கயிறு தொங்கும். இதை அண்டோன் கயிறு என்பார்கள். சந்தேகம் வந்தா இழுக்கலாம். உடனே டீம் லீடர் ஓடி வருவார். ரெண்டு பேரும் சேர்ந்து அந்தச் சுற்றுக்குள்ள சரி பண்ண முடியலைன்னா, லைன் நின்னுடும்.

இதுல கயிறைவிட முக்கியம், ஓடி வர்றவர் என்ன கேட்கிறார் என்பதுதான். "எவன் நிறுத்துனது?"ன்னு கேட்டா, அடுத்த தடவை யாரும் கயிறைத் தொட மாட்டாங்க. "என்ன ஆச்சு, நான் பிடிச்சுக்கவா?"ன்னு கேட்டாத்தான் அந்தக் கயிறுக்கு அர்த்தம். தொழிலாளர்களைக் குழு குழுவா ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தாங்க. லைன்ல ஒருத்தர் திணறும்போது பக்கத்துல வந்து உதவி பண்றதை அங்கே அவங்க நேர்ல பார்த்தாங்க.

ரெண்டாவது விஷயம், வேலை பாதுகாப்பு. ஆட்குறைப்பைக் கடைசி வழியாத்தான் வெச்சுக்குவோம், அதுக்கு முன்னாடி அதிகாரிகளோட சம்பளத்தைக் குறைக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதினாங்க. அதுக்கு சீக்கிரமே சோதனை வந்தது. 1987, 88ல விற்பனை நல்லாவே விழுந்துடுச்சு. ஆனா யாரையும் வீட்டுக்கு அனுப்பல. லைன்ல தேவைப்படாதவங்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, வேலை முறையை மேம்படுத்துற பணியில போட்டாங்க. இதுக்கு அப்புறம்தான் பலருக்கும் நம்பிக்கை உறுதியாச்சு. "வேலையை இன்னும் சுருக்கமா செய்ய ஒரு யோசனை இருக்கு"ன்னு ஒருத்தர் தைரியமா சொல்லணும்னா, அந்த யோசனையாலேயே தன் வேலை போகாதுன்னு அவருக்குத் தெரியணும் இல்லையா?

மூணாவது, அதிகாரிகளுக்குத் தனி கேன்டீன், தனி பார்க்கிங் எல்லாம் எடுத்துட்டாங்க. சின்ன விஷயம்தான். ஆனா தினமும் கண்ணுல படுற விஷயம்.

இங்க ஒண்ணு தெளிவா சொல்லணும். நம்மியில வேலை சுலபமாகல. பழைய லைன்ல ஒரு நிமிஷத்துல சுமார் 45 வினாடிதான் கை வேலையில இருக்கும். இங்கே 57 வினாடி. உடம்பு வலி, ஓய்வில்லைன்னு குறை சொன்னவங்களும் இருந்தாங்க. அப்படியும் காலையில வேலைக்கு வந்தாங்க. கஷ்டமான வேலையை மனுஷன் தாங்கிக்குவான். தன் பேச்சுக்கு மதிப்பே இல்லாத இடத்தைத்தான் தாங்க முடியல.

இன்னொண்ணு. இதே முறையை ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட வான் நைஸ் தொழிற்சாலையிலும் கொண்டுவரப் பார்த்தது. அங்கே எடுபடல. நம்பிக்கை இல்லாத இடத்துல 'டீம்'னு சொன்னதும், இது நம்மள ஏமாத்துற வேலைன்னு தொழிலாளர்கள் சந்தேகப்பட்டாங்க. 1992ல அந்த இடத்தையும் மூடிட்டாங்க. கயிறை மட்டும் கட்டித் தொங்கவிட்டா போதாதுன்னு இதுல தெரியுது.

சரி, அஞ்சு பேர் டீமை வெச்சிருக்கிற நீங்க என்ன பண்ணலாம்? சம்பளமும் ஆட்குறைப்பும் உங்க கையில இல்ல. ஆனா கயிறு உங்க கையில இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ். மூணு மணிக்கு, புதுசா சேர்ந்த பையன் "இதுல ஒரு பிரச்சினை இருக்குண்ணா"ன்னு வந்து நிக்கிறான். அப்ப உங்க முகம் எப்படி மாறுதுன்னு மொத்த டீமும் பார்த்துட்டு இருக்கும். அவனை உட்கார வெச்சு, என்னன்னு பாருங்க. அவன் சொன்னது தப்பாவே இருந்தாலும், "வந்து சொன்னது நல்லது"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. ரிலீஸ் தள்ளிப் போனா, மேல இருக்கிறவங்களுக்கு பதில் சொல்ற பொறுப்பை நீங்க எடுத்துக்குங்க. அவன் பேரை அங்கே இழுக்காதீங்க.

அதோட, இந்த வாரம் ஒவ்வொருத்தரையும் தனியா கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "உன் வேலைக்கு இடைஞ்சலா இருக்கிற எதை நான் சரி பண்ணணும்?" பதில்ல ஒண்ணையாவது அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணுங்க. பண்ண முடியாததை, ஏன் முடியாதுன்னு நேரா சொல்லிடுங்க. பீட்சா பார்ட்டி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

உங்க ஆபீஸ்ல யாராவது 'கயிறை இழுத்தா' என்ன நடக்கும்? யோசிச்சுப் பாருங்க, எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.