குடும்பப் பெயரும் குடிவழி வரலாறும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிறந்த மண்ணை விட்டு வடபுலத்தில் குடியேறிய நம்மவருட் பலர், இன்று தம் குடிவழியை எழுதி வைக்க முனைகின்றனர். போற்றத்தக்க முயற்சி. ஆயினும், பழைய பத்திரங்களையும் சான்றிதழ்களையும் எடுத்து அடுக்கியவுடனே திகைப்பு உண்டாகிறது. ஒரு தாய் வயிற்றில் பிறந்த மூவருக்கு மூன்று குடும்பப் பெயர்கள்! மூத்தவர் தந்தையின் பெயரை எழுதியிருக்கிறார். நடுவர் ஊர்ப் பெயரை. இளையவர் பாட்டனார் காலத்துச் சாதிப் பட்டத்தை. இவற்றுள் எது சரி, எது பிழை?

எதுவும் பிழையன்று என்பதே நம் கருத்து. நமக்குத் தலைப்பெழுத்து உண்டு. வழிவழி வரும் குடும்பப் பெயர் பெரும்பாலோர்க்கு இல்லை. இல்லாத ஒன்றைப் பள்ளியும் அலுவலகமும் கடவுச்சீட்டுப் படிவமும் கேட்டன. அவரவரும் தமக்குத் தோன்றியதைக் கொண்டு அக்கட்டத்தை நிரப்பினர். முரண்பாட்டின் வேர் இதுவே.

உலகறிந்த பெயர்களையே நோக்குவோம். நூலக அறிஞர் சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் பெயரில் முதலாவது ஊர், இரண்டாவது தந்தை, மூன்றாவதே அவர். 1930-ல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர வேங்கட இராமனுக்குச் ‘சந்திரசேகர’ என்பது தந்தையார் பெயர். 1983-ல் அப்பரிசைப் பெற்ற அவருடைய தமையன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கோ, அதுவே பாட்டனாரை நினைந்து இட்ட இயற்பெயர். 2009-ல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனை உலகம் ‘இராமகிருஷ்ணன்’ என்று விளிக்கும்போது, விளிப்பது அவர் தந்தையார் பெயரை! கடைசிச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொள்ளும் அயலார், இராமனும் சந்திரசேகரும் சிற்றப்பனும் மகனும் என்பதை எங்ஙனம் அறிவர்?

ஆகவே, ஏட்டில் ஒவ்வொருவரையும் இயற்பெயரால் பதிக்க வேண்டும். அதனருகே தந்தை பெயர், தாய் பெயர், பூர்விக ஊர், பிறந்த ஆண்டு ஆகியவற்றை எழுத வேண்டும். அரித்துவாரத்துப் பண்டாக்கள் தம் வழிவழி ஏடுகளில் யாத்திரிகரின் குடும்பத்தைத் தேடுவதும் பூர்விக ஊரையும் குலத்தையும் கொண்டே அல்லவா?

பத்திரத்தில் கண்ட பெயரை எழுத்து மாறாமல் படியெடுங்கள். எந்தப் பத்திரம், எந்த ஆண்டு என்பதையும் குறியுங்கள். ஆங்கிலத்தில் ஒரே பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பின் நான்கையும் வையுங்கள். திருத்தி ஒன்றாக்கினால், பின்வருவோர் மூலப் பத்திரத்தைத் தேடிக் காண இயலாது.

இன்னொரு கண்ணி உண்டு. தலைமகனுக்குப் பாட்டன் பெயரிடுவது நம் வழக்கம். முருகன் மகன் கந்தன், கந்தன் மகன் முருகன், அவன் மகன் மீண்டும் கந்தன் என்று குலம் வளரும். பாட்டனும் ‘மு. கந்தன்’, பேரனும் ‘மு. கந்தன்’! தலைப்பெழுத்தும் பெயரும் ஒத்திருப்பது கொண்டே இருவரை ஒருவராக்கிவிடலாகாது. ஆண்டு, மனைவி பெயர், ஊர் ஆகியவற்றுள் இரண்டேனும் பொருந்தினாலன்றி முடிவு செய்யற்க.

பெண்டிர் பெயரே பெரிதும் மறைந்து போகிறது. மணத்திற்கு முன் தந்தையின் தலைப்பெழுத்து. பின்னர்க் கணவரின் தலைப்பெழுத்து. வடக்கே வந்தபின் கணவரின் பெயரே குடும்பப் பெயர். பிறந்த வீட்டுப் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதாவிடின், ஒரு பாட்டியின் முன்னோர் அனைவரும் ஏட்டினின்று நீங்கிவிடுவர்.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியுமன்று. தந்தையார் மறைந்தபின் நிலமோ வைப்புத்தொகையோ மக்கள் பெயருக்கு மாறும்போது, பத்திரத்தில் உள்ளவரும் சான்றிதழில் உள்ளவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டி வரும். பெயர்கள் முரண்பட்டால், உறுதிமொழிப் பத்திரத்திற்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அலைவது பிள்ளைகளே. அறிந்து சொல்லும் பெரியோர் உள்ளபோதே கேட்டெழுதிய ஏடு அப்போது வழிகாட்டும்.

இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கேனும் உடன்பிறந்தோர் கலந்து பேசி ஒரே முறையைக் கைக்கொள்ளலாம். எதனைக் கொண்டாலும், அதனை ஏன் கொண்டோம் என்பதை ஏட்டில் ஒரு வரி எழுதி வைப்போமாக. தமிழகத்தைக் கண்டறியாத பேரன் பேத்திகள், தம் பெயரின் கடைசிச் சொல் ஓர் ஊரா, ஒரு பாட்டனாரா என்று கேட்கும் நாளில், அவ்வொரு வரியே விடை கூறும்.