ரயில் கட்டணமும் ஜனங்களின் ஓட்டும்

குடியானவன் விளைவித்த தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரே ஒரு ரயில் கம்பெனிதான் உண்டு என்றால், அவன் கொடுக்க வேண்டிய கட்டணத்தை நிர்ணயிப்பது யார்? அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தாருக்கு இந்தச் சங்கடம் வெகுகாலம் இருந்தது. சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியை, எட்டுக் கைகளால் வளைத்துப் பிடிக்கும் கடல் ஜந்துவாகிய ஆக்டோபஸ் என்றே அவர்கள் அழைத்தார்கள்.

கட்டணத்தை நிர்ணயிக்க 1879-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்திலேயே மூன்று பேர் கொண்ட கமிஷன் ஏற்பட்டிருந்தது. பலன் என்ன? காவல் காக்க வேண்டிய கமிஷன் கம்பெனியின் செல்வாக்குக்கே அடங்கிக் கிடந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

1910-இல் ஹைரம் ஜான்சன் என்பவர், அந்தக் கம்பெனியை அரசியலை விட்டே விரட்டுவதாகச் சொல்லி, கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். 1911 அக்டோபர் 10-ந் தேதி ஜனங்களிடமே நேரில் ஓட்டுக் கேட்கப்பட்டது. கமிஷனைப் பலப்படுத்தும் திருத்தம் நிறைவேறிற்று. ஐந்து அங்கத்தினர்களைக் கவர்னர் நியமிக்க ஏற்பாடாயிற்று. அதே தினத்து ஓட்டில் பெண்களுக்கும் ஓட்டுரிமை 3,587 ஓட்டு வித்தியாசத்தில் கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். கட்டண விகிதம் என்ன கடவுள் எழுதிய தலையெழுத்தா? மனிதன் போட்ட கணக்குத்தானே! மனிதன் போட்டதை மனிதன் திருத்தலாம். ஆனால் திருத்திய பிறகும், கமிஷனில் உட்காருகிறவன் யாருடைய ஆள் என்று கண்காணிக்காவிட்டால், 1879-ஆம் வருஷத்துக் கதைதான் மறுபடியும் நடக்கும்.