பள்ளி நூலகமும் செய்தியின் வேரும்

(நமது ஜமாஅத் பள்ளிக்கூடத்தின் நூலகப் பொறுப்பாசிரியர்களும் பெற்றோர்களும் பங்கேற்ற கூட்டத்தில், பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



நாம் மத்ரஸாவில் ஓதி வந்தவர்கள். நூலகவியலில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஆயினும், பள்ளி நூலகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் கேட்டபோது மகிழ்ச்சியுடன் இசைந்தோம். ஏனெனில், "இச்செய்தி யார் வழியாக வந்தது?" என்று கேட்பதற்காகவே பல ஆண்டுகள் செலவிட்டுப் பயிலும் கல்வி நம்முடைய கல்வி. அக்கேள்வியே இன்று ஒரு பள்ளி நூலகர் கேட்க வேண்டிய முதற்கேள்வியாகவும் இருக்கிறது.

இன்றைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் ஒரு செயல்திட்டம் தருகிறார். பிள்ளை நூலகத்திற்குச் செல்வதில்லை. தந்தையின் கைப்பேசியைக் கேட்டு வாங்குகிறது. தலைப்பைத் தட்டச்சு செய்கிறது. முதலில் எது வருகிறதோ அதை அப்படியே எழுதிச் சென்று மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறது. அதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதற்காக எழுதினார் என்ற கேள்விகளைப் பிள்ளையும் கேட்பதில்லை; வீட்டிலும் எவரும் கேட்பதில்லை. இதில் பிள்ளையைக் குறைகூறிப் பயனில்லை. கேட்கக் கற்றுத்தருவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நூலகர்.

நூலகர் காவலர் அல்லர்

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் அவர்கள் கணிதப் பேராசிரியராக இருந்து, 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளை உலகெங்கும் நூலகம் பயில்வோர் இன்றும் கற்கின்றனர். நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் அவர் கையில் சேர வேண்டும் என்பதும் அவற்றின் சாரம். 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவருடைய உழைப்பே முதற்காரணமாக இருந்தது.

அவர் காலத்தில் தகவல் அரிதாக இருந்தது. அதைத் தேடிக் கொணர்ந்து கொடுப்பதே நூலகரின் பெரும்பணி. இன்று தகவல் வெள்ளமாகப் பெருகிக் கிடக்கிறது. வெள்ளத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, குடிநீருக்குத்தான் பஞ்சம். ஆகவே தேடிக் கொடுக்கும் பணியோடு எடைபோட்டுக் கொடுக்கும் பணியும் இன்று நூலகரைச் சேர்ந்துவிட்டது.

எங்கே தேடுவது?

எந்தப் பொருளுக்கு எந்த மூலத்தை நாடுவது என்பதை அறிவதே முதற்படி. ஒரு சொல்லின் பொருளுக்கு அகராதி. ஒரு பொருளைப் பற்றிய அடிப்படை அறிவுக்குக் கலைக்களஞ்சியம். ஊர், ஆறு, எல்லைகளுக்கு நிலப்படத் தொகுப்பு. எண்களுக்கும் புள்ளிவிவரங்களுக்கும் அவற்றைத் திரட்டிய அலுவலகத்தின் அறிக்கை.

தமிழில் இத்தகைய கருவி நூல்கள் இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதனைத் தொடர்ந்து குழந்தைகளுக்கென்றே மேலும் பத்துத் தொகுதிகளைக் கொண்டுவந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். இவற்றை மாணவருக்கு அறிமுகம் செய்வதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. அறிந்த ஒருவர் அருகில் இருந்தால் போதும்.

விக்கிப்பீடியாவைப் பற்றியும் கேட்கிறீர்கள். 2001ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் 2003ஆம் ஆண்டில் தமிழிலும் தொடங்கப்பெற்ற அக்களஞ்சியத்தை எவரும் திருத்தலாம். அதுவே அதன் பலம். அதுவே அதன் பலவீனம். அதை அறவே விலக்க வேண்டியதில்லை. கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பார்த்து, அதில் குறிக்கப்பட்ட மூலத்திற்குச் செல்ல மாணவரைப் பழக்க வேண்டும். அப்போது அது வாயிலாக அமையும். அங்கேயே நின்றுவிட்டால் பயன் பாதியாகிவிடும்.

எப்படி எடைபோடுவது?

சகோதரர்களே! கிடைத்த செய்தியை ஆராய்ந்து தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளை. அக்கட்டளையை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். அவர்கள் கடைப்பிடித்த முறைகளில் மூன்றினை மட்டும் நூலகத்திற்குப் பொருத்திக் காட்ட விரும்புகிறோம்.

முதலாவது, அறிவிப்பாளர் யார் என்று அறிதல். பெயரே தெரியாத ஒருவர் வழியாக வரும் செய்தியை அவர்கள் ஆதாரமாக ஏற்பதில்லை. அவரை 'மஜ்ஹூல்', அதாவது அறியப்படாதவர், என்று குறித்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் "பகிரப்பட்டது" என்ற குறியோடு வரும் செய்திக்கு எழுதியவர் பெயர் உண்டா? நாள் உண்டா? இல்லையெனில் அது அறியப்படாதவரின் செய்திதான். அதை நமக்கு அனுப்பியவர் நம் மைத்துனராக இருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம். ஆயினும் அவர் அதை எழுதியவர் அல்லர். அவருடைய நேர்மை அச்செய்திக்குச் சான்றாகாது.

இரண்டாவது, காலத்தை அறிதல். அதாஉ இப்னுஸ் ஸாயிப் (ரஹ்) என்னும் அறிவிப்பாளர் உண்மையாளர். முதுமையில் அவருடைய நினைவாற்றல் தடுமாறியது. அறிஞர்கள் அவரை முற்றாகத் தள்ளவுமில்லை; முற்றாக ஏற்கவுமில்லை. ஷுஃபா, ஸுஃப்யான் ஸவ்ரீ போன்றோர் முற்காலத்தில் அவரிடம் கேட்டவற்றை ஏற்றனர். பிற்காலத்தில் கேட்டவர்களின் அறிவிப்பில் எச்சரிக்கையுடன் நின்றனர். எத்தகைய நீதியான அணுகுமுறை பாருங்கள்!

நூல்களுக்கும் இதுவே அளவுகோல். மேலே சொன்ன கலைக்களஞ்சியம் பெருமைக்குரியது. சங்க இலக்கியம் பற்றி அது கூறுவதை இன்றும் படிக்கலாம். ஆனால் கோள்கள் எத்தனை என்று அதில் பார்த்தால் ஒன்பது என்ற பழைய கணக்கே கிடைக்கும். 2006ஆம் ஆண்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என வகைப்படுத்திவிட்டது. 2018ஆம் ஆண்டு அச்சான தமிழ்நாட்டு நிலப்படத்தில் 32 மாவட்டங்கள் இருக்கும். 2020ஆம் ஆண்டில் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது அந்த எண்ணிக்கை 38 ஆகிவிட்டது. நூல் பொய் சொல்லவில்லை. அதன் காலம் கடந்துவிட்டது. ஆகவே தலைப்பைப் பார்க்கும் முன்னர் பதிப்பாண்டைப் பார்க்கும் பழக்கத்தை நூலகர் மாணவருக்கு ஏற்படுத்த வேண்டும்.

மூன்றாவது, வேர்களை எண்ணுதல். இதுவே மிக முக்கியமானது. புகாரீ நூலின் முதல் ஹதீஸாகிய, எண்ணத்தைப் பற்றிய நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். யஹ்யா இப்னு ஸயீத் (ரஹ்) அவர்களிடமிருந்து அதனைக் கேட்டு அறிவித்தவர்கள் ஏராளமானோர். ஆனால் அவருக்கு மேலே செல்லும்போது முஹம்மத் இப்னு இப்ராஹீம், அவருக்கு மேல் அல்கமா, அவருக்கு மேல் உமர் (ரலி) என ஒவ்வொரு படியிலும் ஒருவர் மட்டுமே வருகிறார். எனவே கீழே எத்தனை பேர் அறிவித்தாலும், தொடக்கத்தில் அது ஒற்றை வழி அறிவிப்பே என்று அறிஞர்கள் வகைப்படுத்தினர். அது ஏற்கப்பட்டது எண்ணிக்கையால் அன்று. அந்த ஒவ்வொருவரும் நம்பகமானவர் என்பதால்.

இதை இணையத்திற்குப் பொருத்துங்கள். "நூறு இடங்களில் போட்டிருக்கிறார்கள், பொய்யாகவா இருக்கும்?" என்று கேட்கிறோம். நூறும் ஒன்றைப் பார்த்து எழுதியவை என்றால் சாட்சி ஒன்றுதான். நம் நாட்டுப் பண்ணை உலகிலேயே சிறந்த நாட்டுப் பண்ணாக யுனெஸ்கோ அறிவித்தது என்ற செய்தி எத்தனை கைப்பேசிகளில் வலம் வந்தது! அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று அந்நிறுவனம் 2008ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது. செய்தி மட்டும் நின்றபாடில்லை. நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பதையும் தலைமுறை தலைமுறையாகப் படித்தோம். 2003ஆம் ஆண்டில் விண்வெளிக்குச் சென்ற சீன வீரர் யாங் லிவெய், நிலவைவிட மிக அருகில் பூமியைச் சுற்றி வந்தும், அச்சுவர் தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்.

பக்கத்தை விட்டு வெளியே வருதல்

ஓர் இணையப் பக்கம் அழகாக இருக்கிறது; பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது; பெரிய பெயரும் இருக்கிறது. அதை எப்படிச் சோதிப்பது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டோர் 10 பேர் அதில் பங்கேற்றனர். ஏறத்தாழ ஒரே பெயரைக் கொண்ட இரு குழந்தை மருத்துவ அமைப்புகளின் பக்கங்கள் அவர்களுக்குக் காட்டப்பட்டன. ஒன்று 1930ஆம் ஆண்டு முதல் இயங்கும் பேரமைப்பு; மற்றது 2002ஆம் ஆண்டில் கருத்து வேற்றுமையால் பிரிந்து தோன்றிய சிறு குழு. மாணவர்களும் அறிஞர்களில் சிலரும் அப்பக்கத்திலேயே நின்று, மேலிருந்து கீழாகப் படித்துப் பார்த்து ஏமாந்தனர். சரிபார்ப்போரோ விரைவிலேயே அப்பக்கத்தை விட்டு வெளியேறி, இவ்வமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினர், உண்மையைக் கண்டுகொண்டனர்.

பெண் கேட்டு வரும் குடும்பத்தைப் பற்றி அவர்களிடமே விசாரிப்பவர் உண்டா? அக்கம் பக்கத்தில்தானே விசாரிக்கிறோம்! இணையத்திலும் அதுவே முறை. விற்பவர் தரும் செய்திக்கு இது இன்னும் அவசியம். சத்து மாவின் சிறப்பை அதைத் தயாரிப்பவரே எழுதியிருந்தால், அது ஆய்வு அன்று, விளம்பரம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் குறித்தும் ஒரு சொல். கேட்டவுடன் சரளமாக விடை தருகின்றன. தடுமாறாமல் சொல்வதால் உண்மை என்றே தோன்றுகிறது. 2023ஆம் ஆண்டில் நியூயார்க் நகர நீதிமன்றம் ஒன்றில், அத்தகைய கருவி தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி வழக்கறிஞர்கள் மனு அளித்தனர். தேடிப் பார்த்தபோது அத்தீர்ப்புகள் எங்குமே இல்லை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. படித்த வழக்கறிஞர்களுக்கே இந்நிலை எனில் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கருவி ஒரு நூலின் பெயரைச் சொன்னால், அந்நூல் உண்மையில் இருக்கிறதா என்று நூற்பட்டியலில் பார்த்த பின்னரே ஏட்டில் எழுத வேண்டும்.

ஜமாஅத்தின் பொறுப்பு

இவ்வளவும் நூலகப் பொறுப்பாசிரியரால் ஆகக்கூடியவையே. ஆனால் அவருக்கு நேரம் வேண்டும். வாரத்தில் முப்பது பாடவேளை வகுப்பெடுத்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் பீரோவின் சாவியை வைத்திருப்பவரிடம் இதனை எதிர்பார்ப்பது நியாயமன்று. ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு பாடவேளை நூலகத்திற்கென ஒதுக்கப்பட வேண்டும். அவ்வேளையில் மாணவர் ஒரே செய்தியை இரு மூலங்களில் தேடி ஒப்பிட்டு எழுதட்டும். எழுதியவர் பெயர், நூலின் பெயர், ஆண்டு ஆகிய மூன்றும் இல்லாத செயல்திட்டத்தை ஆசிரியர்கள் திருப்பிக் கொடுக்கட்டும்.

அடுத்து, சற்றுத் தயக்கத்துடன் சொல்ல வேண்டிய ஒன்று. நம் நூலகத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி அன்பளிப்பாக வந்த நூல்கள். மறைந்த பெற்றோரின் நினைவாக அளித்தவர்களும் உண்டு. அவர்களின் எண்ணத்திற்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. எனினும் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பொது அறிவு நூலும், பழைய பாடத்திட்ட வினா விடைத் தொகுப்பும் அலமாரியை நிறைத்தால் பிள்ளை அவற்றை நம்பித்தான் எழுதும். எனவே இனி அன்பளிப்பு பெறும்போதே, தகுதியானவற்றைத் தேர்ந்துகொள்ளவும் ஏனையவற்றை வேறு இடத்திற்கு வழங்கவும் நூலகருக்கு உரிமை உண்டு என எழுதி வாங்கிக்கொள்வோம். முன்னர் பெற்றவற்றில் காலம் கடந்தவற்றை, அளித்தவரின் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டுத் தனி அடுக்கிற்கு மாற்றுவோம். நூல் கொடுக்க விரும்புவோர், என்ன நூல் தேவை என்று நூலகரிடம் முதலில் கேட்டுவிட்டுக் கொடுத்தால் அந்த நன்கொடை பன்மடங்கு பயன் தரும்.

இவ்வுரை ஆண்டு மலரில் அச்சாகுமாயின், அதே மலரில் வரவு செலவுக் கணக்கும் இருக்கும். கட்டடத்திற்கும் வண்ணப்பூச்சுக்கும் எவ்வளவு, நூலகத்திற்கு எவ்வளவு என்று அன்பர்கள் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வரும் பொதுக்குழுவில் இதுபற்றிப் பேசுங்கள். பிள்ளைகளின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டோம். அதில் வருவதை எடைபோடும் தராசையும் கொடுப்பது நம் கடமை.

அறிந்ததைச் சொல்லவும், அறியாததை ஆராய்ந்து பேசவும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.